ஆகாயத் தொட்டியில் வந்த பாலம்

அமிர்தகடேசன் ஆற்றில் விழுந்தார். மகளுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் படகேறி வந்த மனிதர், புது வேட்டியும் தாம்பூலத் தட்டுமாக, பாதியில் நின்ற பாலத்தின் நான்காம் தூணுக்குப் பக்கத்தில் தொபுக்கென்று விழுந்தார். அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். ஆனாலும் முழுசாக முங்கித்தான் எழுந்தார். எழுந்தபோது அவருடைய வழுக்கைத் தலையில் ஒரு வெற்றிலை அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது. கரையில் காத்திருந்த பனைத்திட்டு ஊர் மொத்தமும் அதைப் பார்த்தது. சிரிக்காமல் இருந்திருக்கலாம். சிரித்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். ஒரு பஸ் நிறையக் கூட்டத்தைக் குரலாலேயே அடக்கியவர். நனைந்த வேட்டியோடு கரையேறி, மாப்பிள்ளை சட்டநாதனை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா இனிமே நான் படகுல கால் வைக்க மாட்டேன். இந்த ஆத்துல பாலம் வரட்டும், நடந்து வந்து பொண்ணக் குடுக்குறேன். தை பொறக்குறதுக்குள்ள வரலன்னா சிதம்பரத்துல ஒரு எடம் இருக்கு, அவங்களுக்கு வாக்குக் குடுத்துடுவேன்."

"மாமா, நீங்க கெளம்பணும்னாலும் படகுலதானே போகணும்" என்றான் சட்டநாதன். உண்மையைச் சொன்னான். சொல்லியிருக்க வேண்டாம்.

சட்டநாதனுக்கு வயது முப்பத்து மூன்று. பனைத்திட்டில் அந்த வயதுக்கு மேல் கல்யாணம் ஆகாதவர்கள் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். சுற்றிலும் தண்ணீர் ஓடும் திட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பதினெட்டு வருடத்துக்கு முன்பு ஒரு காண்டிராக்டர் வந்து ஆற்றில் ஆறு தூண்களை எழுப்பிவிட்டுப் போனார். மேல்தளம் போட மறுபடி வருவதாகச் சொன்னார். அதன் பிறகு தூண்கள் மேல் நாரைகள்தான் உட்கார்ந்தன.

நடுவில் ஒருமுறை ஊருக்கு நம்பிக்கை வந்தது. திட்டின் கிழக்குக் கோடியில், மணல்மேட்டில், எண்ணெய் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். கிணறு தோண்ட வேண்டுமானால் சிமெண்ட், குழாய், சேற்றில் கலக்கும் கனத்த பொடி என்று ஆயிரக்கணக்கான டன் வர வேண்டும். லாரி வந்தால்தான் அது நடக்கும், பாலம் இருந்தால்தான் லாரி வரும் என்று ஊர் கணக்குப் போட்டது. கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், தூண்களைப் பார்த்தார்கள், தலையைச் சொறிந்தார்கள். பிறகு ஆகாயத்தில் வடம் கட்டிவிட்டார்கள்.

விரல் கனம்தான் அந்த வடம். கறுப்பாக இருக்கும். எஃகை விடப் பத்து மடங்கு பலம் என்றார்கள். அக்கரையில் சாமான் குவிக்கும் யார்டிலிருந்து ஒன்பது கோபுரங்கள் மேல் ஏறி இறங்கி, பனைத்திட்டு நடுநிலையத்துக்கு வந்து, அங்கே திரும்பிக் கிணற்றுக்குப் போகும். வடத்தில் தொங்கும் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு டன் சாமான். நடுநிலையத்தில் பெரிய சேமிப்பு மேடை இருந்தது, மேடை முழுவதும் ஒரே எடைத்தட்டு, நாலு மூலையிலும் கேமரா. அந்த மேடைக்குக் காவலும் கணக்கும் சட்டநாதன். அக்கரை யார்டில் தொட்டி நிரப்பும் பிரிவுக்கு மேற்பார்வை, அமிர்தகடேசன் மகள் தையல்நாயகி.

இருவருக்கும் இடையில் மூன்று வருடமாக வடத்தோடு ஓடும் ஒரு தொலைபேசி. காதல் வந்ததும் அதில்தான். ஆனால் முதல் நாள் பேச்சு வேலையைப் பற்றியது.

"இங்க யாரும் ஆர்டர் போடுறதில்லங்க" என்றாள் நாயகி. "எல்லாத்தையும் ஓவர்சியரே பாத்துக்கும்."

"எந்த ஓவர்சியர்?"

"ஆள் இல்லங்க, கம்ப்யூட்டரு. நாங்க வச்ச பேரு. உங்க மேடையில எது வேகமாத் தீருதுன்னு பாக்கும். வேகமாத் தீருறத நெறய வாங்கி அனுப்பும். தீராம கெடக்குறதக் கொறச்சுக்கும். நாம தொட்டிய நெரப்பி, எறக்கிட்டு இருந்தாப் போதும்."

"தப்பா வாங்கிட்டா?"

"தப்புலேருந்து கத்துக்குமாம். நம்மள மாதிரி இல்ல."

அமிர்தகடேசன் விழுந்தது ஆவணியில். ஆயுத பூஜைக்கு ஊர் மேடையைக் கழுவியது புரட்டாசிக் கடைசியில். கோபுரத்துக்குச் சந்தனம், குங்குமம், தொட்டிக்கு மாலை, கேமராவுக்குக்கூடச் சின்னதாக ஒரு பொட்டு, கண்ணை மறைக்காமல் ஓரமாக. படையல் வைக்க நல்ல இடம் தேடினார்கள். ஊரிலேயே சமதளமாக, சுத்தமாக இருந்தது அந்த எடைத்தட்டுதான். நாலு மூட்டைப் பொரியைக் கொட்டிக் குவித்து, அவல், கடலை, சுண்டல் எல்லாம் வைத்துச் சூடம் காட்டினார்கள். பிறகு பிள்ளை குட்டியோடு ஊர் முழுக்க உட்கார்ந்து தின்றது. இருபது நிமிடத்தில் மேடை காலி.

மறுநாள் காலை நாயகி போன் செய்தாள். குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நேத்து மேடையில என்ன வச்சீங்க?"

"பூஜை போட்டோம். ஏன்?"

"இங்க அஞ்சு லாரி பொரி வந்து நிக்குது."

ஓவர்சியரைக் குறை சொல்ல முடியாது. அதன் அனுபவத்தில் சிமெண்ட் தீர மூன்று நாள் ஆகும், பொடி தீர ஒரு வாரம். இருபது நிமிடத்தில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தீர்ந்த சாமான் பொரி ஒன்றுதான். பனைத்திட்டில் கடுமையான பொரித் தட்டுப்பாடு நிலவுவதாக அது முடிவு செய்திருந்தது.

நாற்பத்திரண்டு தொட்டிப் பொரி ஆகாய வழியாக வந்தது. ஆற்றுக்கு மேல் வரும்போது காற்று அள்ளிக்கொண்டது. வயலில், கூரையில், நாரைகள் மேல், கிழக்கே கிணற்றடியில் நின்ற இஞ்சினியரின் ஹெல்மெட்டில், எங்கும் பொரி மழை. குழந்தைகள் வாயைத் திறந்துகொண்டு ஓடினார்கள். மாடுகள் இரண்டு நாள் புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊரில் பொரி உருண்டை, பொரி உப்புமா, ஒரு வீட்டில் பொரி பாயசம்கூட ஆனது. எல்லாருக்கும் தெவிட்டிப்போய்ப் பொரி மேடையிலேயே கிடக்க ஆரம்பித்த பிறகுதான் ஓவர்சியர் அனுப்புவதை நிறுத்தியது.

சட்டநாதன் மட்டும் சிரிக்கவில்லை. ஐப்பசி பிறந்துவிட்டது. தைக்கு மூன்று மாதம்தான். போனில் அதைச் சொல்லிப் புலம்பினான்.

நாயகி பொரிக் கணக்கை மறுபடி ஒருமுறை பார்த்தாள். பிறகு, "தீர்ந்தா வருது இல்ல?" என்றாள்.

"எது?"

"எதுவா இருந்தாலும். நீங்க சிமெண்ட்டத் தின்னுங்க."

புரிந்ததும் அவன் போனைக் காதிலிருந்து எடுத்துச் சுற்றிலும் பார்த்தான். சட்டநாதன் பஸ்ஸில் சீட்டு எடுக்க மறந்துவிட்டால் மறுநாள் அதே பஸ்ஸைத் தேடிப் போய் எடுக்கிறவன்.

"இது திருட்டு நாயகி."

"ஆமாங்க, திருட்டுத்தான். சிதம்பரத்து மாப்பிள்ளை ரொம்ப யோக்கியராம். அவருகிட்ட போயிடவா?"

அன்று மாலையே ஊர் கூடியது. கொத்தனார் அந்தோணி எழுந்தார். அந்த ஊரில் வீடு என்று நிற்கிற எல்லாமே அவர் கட்டியது.

"தூணு நல்லா இருக்கு தம்பி, நான் தட்டிப் பாத்துருக்கேன். மேல தளம் போட்டா முடிஞ்சுது. சிமெண்ட்டும் கம்பியும் குடு. மணலு ஆத்துல இருக்கு. கை நம்ம கை. மார்கழிக்குள்ள நிக்க வச்சிடுறேன்."

மறுநாள் ஐம்பது மூட்டை சிமெண்ட் மேடையில் இறங்கியது. கிணற்றுக்கு வேண்டியதைத் தனியாக அனுப்பிவிட்டு, மீதி முப்பதைத் தூக்க ஊர் வரிசையில் நின்றது. கை மாற்றி, கை மாற்றி, எட்டு நிமிடத்தில் மேடை துடைத்துவிட்டதுபோல ஆனது. சட்டநாதன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வியர்த்துக் கொட்டினான். அதற்கு மறுநாள் நூறு மூட்டை வந்தது. கம்பியை மட்டும் ஆறு நிமிடத்தில் தீர்த்தார்கள். கம்பிக்கு மேல் கம்பி வந்தது.

அதன் பிறகு பனைத்திட்டுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாத பத்துப் பேரும் பத்து யானை பலத்தோடு வேலை செய்தார்கள். செல்வாம்பாள் தலைமையில் பெண்கள் ஆற்றில் இறங்கி மணல் சுமந்தார்கள், சுமக்கும்போது சட்டநாதனைக் கேலி செய்தே பாட்டுக் கட்டினார்கள். வேண்டியது எதுவோ, அதைக் கொஞ்சம் எங்கிருந்தாவது கொண்டுவந்து மேடையில் வைப்பார்கள், கேமராவுக்குக் காட்டுவார்கள், லபக்கென்று எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். மறுநாள் அது தொட்டி தொட்டியாக வரும். பலகை வந்தது. ஆணி வந்தது. ஒருத்தி ஆசைப்பட்டு ஒரு குடம் சாம்பார் வைத்துப் பார்த்தாள். அது மட்டும் வரவில்லை.

சட்டநாதனுக்குத்தான் தூக்கம் போனது. பகலில் மேஸ்திரி, படுத்தால் திருடன். கண்ணை மூடினால் போலீஸ் ஜீப் வந்தது. பாலம் இல்லாத ஊருக்கு ஜீப் எப்படி வரும் என்று யோசித்து ஆறுதல் அடைவான். பாலம் வந்தபின் வருமே என்று நினைத்து எழுந்து உட்காருவான்.

கார்த்திகையில் ஒரு நாள் பொறுக்க முடியாமல், மேடைக் கம்பத்தில் ஓவர்சியருக்கென்று இருந்த மைக்கில் வாயை வைத்துச் சொல்லியே விட்டான்.

"இந்தச் சிமெண்ட்டு, கம்பி எதுவும் கெணத்துக்குப் போகல. நாங்க பாலம் கட்டுறோம். நான்தான் பொறுப்பு. மன்னிச்சுக்குங்க."

சுத்தத் தமிழில் ஒரு பெண் குரல் பதில் சொன்னது: "பதிவு செய்யப்பட்டது. நன்றி."

மறுநாள் காலை அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைதாகத் தயாராக நின்றான். வந்தது கலவை மிஷின். புத்தம் புதிது, மோட்டாரோடு.

"நீ என்னப்பா கேட்ட?" என்றார் அந்தோணி.

"மன்னிப்பு கேட்டேண்ணே."

"இன்னொருவாட்டி கேளு. கலவைய இறுக்க வைப்ரேட்டர் ஒண்ணு வேணும்."

கார்த்திகை வெள்ளத்தில் பத்து நாள் வேலை நின்றது. யாரும் கேட்காமலே தார்ப்பாய் வந்தது. மார்கழி இருபத்தாறாம் தேதி கடைசித் தளமும் இறுகியது. அந்தோணி இடது கட்டை விரல் நகத்தைப் பலகைக்குக் கொடுத்திருந்தார். செல்வாம்பாளுக்கு முதுகு நிமிரவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் பாலத்தின் மேல் ஊரே நடந்தது, போனவர்கள் திரும்பி வந்தார்கள், வந்தவர்கள் மறுபடி போனார்கள். அக்கரைக்கு ஒரு வேலையும் இல்லாதவர்கள்கூட ஏழெட்டு முறை போய் வந்தார்கள். நாரைகளுக்குத்தான் கோபம்.

தை இரண்டாம் தேதி நிச்சயதார்த்தம். அமிர்தகடேசன் மேளதாளத்தோடு நடந்து வந்தார். நான்காம் தூணுக்கு நேராக நின்று, குதிகாலால் தளத்தை இரண்டு முறை உதைத்துப் பார்த்தார். கீழே தண்ணீரைப் பார்த்துக் காறித் துப்பிவிட்டு மேலே நடந்தார். பின்னால் வந்த நாயகி பச்சைப் பட்டில் இருந்தாள். மூன்று வருடமாகக் குரலாகவும் வாரத்துக்கு ஒருமுறை அவன் போகும் படகுப் பயணமாகவும் இருந்தவள், பனைத்திட்டுக்குள் காலால் நடந்து வருவதைப் பார்த்ததும் சட்டநாதனுக்குத் தலை கிறுகிறுத்தது. திருடனாக ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை என்று அந்த நிமிடம் மனசாரத் தோன்றியது.

தட்டு மாற்றி முடித்தபோது பாலத்தின் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. கம்பெனியின் வட்டார மேலாளர் தயாளன்.

மேளம் நின்றது. அமிர்தகடேசன்தான் முதலில் சுதாரித்தார். "வாங்க சார், மொதல்ல எலயில உக்காருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்கார வைத்தார். சாப்பிடும் வரை கைது செய்ய முடியாது என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தோன்றியிருக்க வேண்டும். பாயசம் மட்டும் மூன்று முறை ஊற்றினார்கள். நான்காம் முறை தயாளன் இலையைக் கையால் மூடிக்கொண்டார்.

"யாரும் பயப்படாதீங்க" என்றார். "திருட்டுன்னு எங்க கணக்குல எதுவுமே இல்ல."

"அப்ப சிமெண்ட்டு?" என்றார் அந்தோணி.

"பாலச் செலவு."

"எங்க பாலமா?"

"எங்க பாலம்னுதான் ஓவர்சியர் எழுதியிருக்கு. எனக்கே போன வாரந்தான் தெரியும்." தயாளன் கைபேசியை எடுத்தார். "வடத்துல கொண்டு வர்றதவிட லாரில கொண்டு வர்றது மலிவுன்னு அது எப்பவோ கண்டுபிடிச்சிருச்சு. கெணத்துக்குச் சாமான் மலிவாப் போய்ச் சேரணும், அவ்ளோதான் அதுக்குச் சொல்லி வச்ச வேலை. வடத்தக் காப்பாத்தச் சொல்லி யாரும் சொல்லல. ஆனா பாலம் கட்ட எங்களுக்கு அனுமதி கெடையாது. கேட்டாப் பத்து வருஷம் ஆகும். திருட்டுக்கு யாருகிட்டயும் அனுமதி வாங்க வேண்டாமே."

"பொரி?" என்றாள் நாயகி.

"பொரி அதோட தப்புதாம்மா. ஆனா அதுல ஒண்ணு கத்துக்கிச்சு. மேடையில வச்சா இந்த ஊரு எடுத்துக்கும்னு."

சட்டநாதன் கைபேசியை வாங்கிப் பார்த்தான். திட்டம் வரிசையாக இருந்தது. தூண்கள், ஏற்கெனவே உள்ளன. மணல், ஆற்றில் உள்ளது. ஆட்கள், நூற்றுப் பன்னிரண்டு பேர். அதற்கு நேரே: கூலி இல்லை.

அவன் அதைச் சத்தமாகப் படித்தான். அந்தோணி தன் நகமில்லாத விரலைப் பார்த்தார். செல்வாம்பாள் முதுகில் கை வைத்தபடி எழுந்து வந்து, "திருடுறோம்னு நெனச்சுல்ல இப்படி ஓடி ஓடிச் செஞ்சோம்" என்றாள். "வேலைக்குக் கூப்புட்டிருந்தா பாதி பேரு வந்துருக்க மாட்டோம்."

சட்டநாதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதம் தூங்காமல் கிடந்ததற்கு, கண்ணை மூடினால் ஜீப் வந்ததற்கு, ஒரு இயந்திரத்திடம் போய் மன்னிப்புக் கேட்டதற்கு, எல்லாவற்றுக்கும் கோபம். யாரிடம் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. அடுத்த வரி அவன் பெயரில் இருந்தது.

மேஸ்திரி, சட்டநாதன். தாமதம் செய்யமாட்டார். காரணம்: கல்யாணம்.

"இது எப்புடித் தெரியும் அதுக்கு?" என்றான்.

"போன் கம்பியும் வடத்துலதானே தம்பி ஓடுது."

நாயகி முகம் சிவந்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். மூன்று வருடத்தில் அந்தக் கம்பியில் என்னென்ன பேசியிருக்கிறோம் என்று அவள் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. அவனும் நினைத்துப் பார்த்தான். எங்கிருந்து வந்ததோ, அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. நாயகி விரல் இடுக்கு வழியாக அவனைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். பாட்டுக் கட்டிய பெண்கள் தொற்றிக்கொண்டார்கள், பிறகு பத்து மாப்பிள்ளைகள், கடைசியில் அந்தோணியும்.

"எவன் கணக்குல இருந்தா என்ன" என்றார் அமிர்தகடேசன். "நான் கால் நனையாம வந்தேன்."

தயாளன் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வடத்தைக் கழற்றப் போவதாகச் சொன்னார். கோபுரக் காவல், மேடைக் காவல், தொட்டி நிரப்பும் பிரிவு எதுவும் இனி இருக்காது. சட்டநாதனும் நாயகியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாலத்தை முடித்த அன்றே இருவரும் தங்கள் வேலையையும் முடித்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது.

"ஓவர்சியர்?" என்று கேட்டான் சட்டநாதன்.

"வடக்க ஒரு எடத்துக்குப் போகுது. மஞ்சக்கொல்லைத் திட்டுன்னு பேரு. அங்கயும் கெணறு, அங்கயும் ஆறு, பாலம் கெடையாது."

"அங்க இருக்குறவங்ககிட்ட முன்னாடியே விஷயத்தச் சொல்லிடுங்க சார்."

"சொல்லிட்டாக் கட்ட மாட்டாங்களே தம்பி."

தயாளன் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கிளம்ப எழுந்தவர், கொஞ்சம் தயங்கி, சட்டநாதனைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"மஞ்சக்கொல்லையில உங்களுக்குச் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா? பொண்ணு கெடைக்காம நிக்கிற பையன் ஒருத்தன் வேணும்னு ஓவர்சியர் கேட்டிருக்கு."